நீங்க மொதல்ல எடுங்க, மச்சான்

முதலில் எனக்கு அநியாயம் செய்தவன் தவசி. என் பெண்டாட்டி அங்கம்மாளின் கூடப்பிறந்த தம்பி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன் சார், கத்தியைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். கத்தி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இரண்டுமே நல்ல கத்தி.

நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் போனை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. வத்தலக்குண்டில் பஸ் எடுத்ததிலிருந்து நீங்கள் அந்த இரண்டு படத்தையும் மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டே வருகிறீர்கள். கறுப்பு. அப்புறம் ஆரஞ்சு. மறுபடி கறுப்பு. மலை ஏறவே ஆரம்பித்தாயிற்று, நீங்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. அதனால்தான் வாயைத் திறந்தேன்.

எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தமிழே மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் அந்தக் கத்தி இரண்டையும் படத்திலேயே அடையாளம் கண்டுகொண்டேன். மடக்குகிற கத்தி இல்லை. மடங்காத சின்னக் கத்தி, அலகு நம் நடுவிரல் நீளம், உறையோடு இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம். காட்டில் சிக்கிக்கொண்டால் உயிர் பிழைக்க உதவும் என்று எழுதியிருப்பான். சரிதானே? கறுப்புக்குப் பிடியே கிடையாது, இரும்பு மேலேயே கயிறு சுற்றியிருக்கும். ஆரஞ்சுக்கு ரப்பர் பிடி, உறையில் ஒரு விசில், ஒரு தீக்குச்சி. தீப்பெட்டிக் குச்சி இல்லை சார். பென்சில் துண்டு மாதிரி இருக்கும், கத்தி முதுகால் இழுத்தால் பொறி பறக்கும். பார்த்தீர்களா, நீங்களே தலையாட்டுகிறீர்கள். டாக்டர் என்னடாவென்றால் இன்றைக்குக் கண்ணில் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை முற்றிக் கிடக்கிறது, எப்படி இத்தனை நாள் நடமாடினாய் என்று கேட்கிறார். உங்கள் போன் தெரிகிறது, காடு தெரியாதா எனக்கு? அது கிடக்கட்டும்.

எங்கள் ஊர் கரடிக்கொம்பு. தாண்டிக்குடிக்கு முன்னால் ஒரு வளைவில் இறங்க வேண்டும். காப்பித் தோட்டத்தில் வேலை. மாசியில் மிளகு பறிப்பு. இந்தப் பக்கம் காடு பார்க்க வருகிறவர்களுக்கு வழி காட்டுவது நான்தான். கூட மூட்டை தூக்கத் தவசி. இதுதான் முறை. முன்னால் நான், நடுவில் வந்தவர்கள், பின்னால் தவசி. பதினைந்து வருஷமாக இந்த முறை மாறவில்லை.

போன தை மாசம் திருச்சியிலிருந்து கிளமெண்ட் சார் வந்தார். காலேஜில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவர். பறவை எண்ணுகிறவர். எண்ணி என்ன செய்வார் என்று நான் கேட்டதில்லை, அது அவர் பாடு. காலையில் கிளம்பினோம். பத்து மணிக்கு மூடுபனி இறங்கியது. நாங்கள் போக வேண்டிய பாதை ஒரு பலா மரத்தடியில் இரண்டாகப் பிரியும். நான் இடது கைப் பக்கம் திரும்பினேன்.

தவசி பின்னாலிருந்து, "மச்சான், இது கீழ எறங்குதே," என்றான்.

வந்தவர் முன்னால் இப்படிச் சொல்லலாமா? நான் வீட்டுக்கு மூத்த மருமகன். "நீ பேக்கைப் பாத்துத் தூக்கிட்டு வா," என்றேன். அவன் மறுபடியும் அதையே சொன்னான். "பயமா இருந்தா வீட்டுக்குப் போ மாப்ள," என்றேன். போ என்றால் போய்விடுவதா? போய்விட்டான் சார். பேக்கோடு போய்விட்டான். ரொட்டி, தண்ணீர், டார்ச், சாருடைய தைலம், எல்லாம் அந்தப் பேக்கில். பாதியில் விட்டுவிட்டுப் போனவன் அவன். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு வழி தப்பவில்லை. நாற்பது வருஷமாக நடக்கிற காடு, எப்படித் தப்பும்? அன்றைக்கு வழி அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். ஒரு பள்ளம் வந்தது. பெரிய பள்ளம் இல்லை, இரண்டு ஆள் உயரம். கிளமெண்ட் சார் சறுக்கி உள்ளே போய்விட்டார். நான் விழவில்லை. அவரைத் தனியாக விடக் கூடாது என்று கொஞ்சம் வேகமாக இறங்கினேன். என் அருவாள் எனக்கும் முன்னால் இறங்கி எந்தப் புதரிலோ போய்விட்டது. அவருக்கு முழங்கால் சிராய்த்துவிட்டது, மூக்குக் கண்ணாடி போயே போய்விட்டது. எனக்கும் கணுக்கால் வீங்கியது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

சார் முழங்காலைத் துடைத்துக்கொண்டே, "பரமன், நாம இப்ப எங்க இருக்கோம்?" என்று கேட்டார்.

"காட்டுக்குள்ளதான் சார்," என்றேன். பொய் சொல்லவில்லை நான்.

அப்புறம் அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இடுப்பில் ஒரு சின்னக் கத்தி இருந்திருந்தால் கொடியை அறுத்துக் கயிறு மாதிரி கட்டியிருக்கலாம். ஒரு விசில் இருந்திருந்தால் ஊதியிருக்கலாம். கொஞ்சம் நெருப்பு இருந்திருந்தால் புகை போட்டிருக்கலாம். எல்லாம் பேக்கில் இருக்கிறது என்றார். நான், "தொண்டை இருக்கு சார்," என்றேன். கத்தினேன். தவசி, தவசி என்று மூன்று மணி நேரம் கத்தினேன். வேறு பெயர் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மத்தியானம் போல் வந்தான். எப்படி வந்தான் தெரியுமா? தோளில் மிளகு பறிக்கிற ஒற்றை மூங்கில் ஏணியோடு வந்தான். அந்த ஏணி எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியாது. அதைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் இறங்குவது லேசு இல்லை. நான் கேட்கிறேன், எவனாவது ஏணியோடு ஆளைத் தேடி வருவானா? பள்ளம் இருக்கிறது என்று இவனுக்கு யார் சொன்னது? அப்படியென்றால் நான் விழுவேன் என்று முன்கூட்டியே நினைத்திருக்கிறான். எப்பேர்ப்பட்ட மனசு பாருங்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் அதே பள்ளத்தில் ஒரு தடவை இறங்கியிருந்தேன், வாஸ்தவம். அதை ஞாபகம் வைத்துக்கொண்டிருப்பானா ஒருத்தன்?

ஏணியை இறக்கினான், சாரை ஏற்றினான், என்னையும் ஏற்றினான். சாரை முதுகில் தூக்கிக்கொண்டு வீடு வரை நடந்தான்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கிளமெண்ட் சாரைக் கண்டுபிடித்தது யார்? தவசி என்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் முதலில் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள். என் சத்தம் இல்லாவிட்டால் அவன் எங்கே வந்து நின்றிருப்பான்? அந்தப் பனியில் அவனுக்குக் கண்ணா தெரிந்தது? சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவன் வெறுமனே வந்தவன். சத்தம் போட்டவன்தான் கண்டுபிடித்தவன். அதுவுமில்லாமல் சார் எங்கே இருக்கிறார் என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். நான் அவர் பக்கத்திலேயே இருந்தேன். எனக்கு அவர் காணாமலே போகவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

இரண்டு மாசம் கழித்துத் தோட்டத்து ஆபீசுக்குப் பார்சல் வந்தது. மிளகு எடை போடுகிற நேரம். ஷெட்டில் இருபது பேர் நிற்கிறோம். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற ரைட்டர் அட்டைப்பெட்டியைப் பிரித்தார். நீங்கள் போனில் பார்க்கிறீர்களே, அந்த இரண்டு கத்தி. கூட ஒரு கடுதாசி. ரைட்டர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். இரண்டு பேருக்கும் நன்றி, இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கத்தி, என்னைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவர் தனக்குப் பிடித்ததை முதலில் எடுத்துக்கொள்ளட்டும், மற்றது மற்றவருக்கு.

பெயர் எழுதவில்லை. மரியாதை தெரிந்த மனுஷன், பெயர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று விட்டிருப்பார்.

இருபது பேரும் என்னைப் பார்க்கிறார்கள், அவனைப் பார்க்கிறார்கள். தராசைப் பார்க்கிறார்கள். எனக்குக் காது சுட்டது. அப்போதுதான் தவசி வாயைத் திறந்தான்.

"நீங்க மொதல்ல எடுங்க, மச்சான்," என்றான்.

இதுதான் சார் அநியாயம். புரியவில்லையா? நன்றாகக் கவனியுங்கள். "நீங்கதான கண்டுபிடிச்சீங்க, நீங்க எடுங்க" என்று சொல்லியிருந்தால் அது நியாயம். வெறுமனே "நீங்க எடுங்க" என்றான். என்ன அர்த்தம்? தனக்கு உரியதைத் தூக்கி எனக்குப் போடுகிறான். பிச்சை. அதுவும் கடுதாசி வாசித்து முடித்த கையோடு. பின்னால் மூட்டையோடு நின்ற குருவம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் எதற்குச் சிரித்தாள் என்று இன்று வரை நான் கேட்கவில்லை.

அந்த முன்பாதி வார்த்தை இருக்கிறதே, "நீங்கதான கண்டுபிடிச்சீங்க", அது எனக்குச் சேர வேண்டியது. அதை அவன் முழுங்கிவிட்டான்.

சரி, எடு என்றான், எடுப்போம். ஆனால் சும்மா எடுப்பேனா? இரண்டையும் சாக்கு மேல் வைத்துச் சோதித்தேன். முன்கை மயிரை வழித்துப் பார்த்தேன். இரண்டும் வழித்தது. ஒரு விரல் மேல் கிடத்தி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தேன். கறுப்பு அலகுப் பக்கம் சாய்ந்தது, ஆரஞ்சு பிடிப் பக்கம் சாய்ந்தது. மூங்கில் குச்சியைச் சீவினேன். கறுப்பு கொத்துவதற்கு நல்லது, ஆரஞ்சு சீவுவதற்கு நல்லது. எலுமிச்சங்காய் அறுத்தேன். மறுபடி மயிரை வழித்தேன். இடது கையில் மயிர் தீர்ந்து வலது கைக்கு வந்துவிட்டேன். எடை போட வந்தவர்கள் மூட்டையோடு வாசல் வரை நிற்கிறார்கள்.

ரைட்டர் சொன்னார், "பரமா, எடுக்கிறியா, இல்ல உன்னையும் மூட்டையோட வச்சு நிறுக்கவா?"

அந்த நேரத்தில் தவசியைப் பார்த்தேன். அவன் கண் கறுப்பு மேல் இருந்தது. சத்தியமாக இருந்தது. நான் சட்டென்று கறுப்பை எடுத்துவிட்டேன். அவன் மிச்சமிருந்த ஆரஞ்சை எடுத்து, முகம் மலர, "நல்லா இருக்குல்ல மச்சான்," என்றான். அப்போதே தெரிந்துகொண்டேன். கறுப்பைப் பார்த்தது வேண்டுமென்றே. என்னை அதை எடுக்க வைக்கத்தான் பார்த்திருக்கிறான்.

அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். கறுப்புக் கத்தி துருப்பிடிக்கிற இரும்பு. மேலே பூசிய கறுப்பு இருக்கிற இடத்தில் ஒன்றுமில்லை, வாய்ப்பக்கம் மட்டும் துரு. எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும் என்று ரைட்டர் சொன்னார். நான் துடைத்தேன். அங்கம்மாள் ஒரு நாள் அதை எடுத்து ஊறுகாய்க்கு நாற்பது எலுமிச்சங்காய் அறுத்து அப்படியே முறத்தில் போட்டுவிட்டாள். மறுநாள் பார்த்தால் வாய் முழுக்கச் செம்மண் நிறம். அவளைக் கேட்டால், "தம்பி கத்தியில மீன் கழுவுனேன், ஒண்ணும் ஆகலையே," என்கிறாள். என் பெண்டாட்டி, அவன் கத்தியில், மீன் கழுவுகிறாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். விசிலைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆரஞ்சுக் கத்தியின் உறையில் விசில் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? தோட்டத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு யார் எப்போது போவது என்று தினமும் ஒரு சலசலப்பு இருக்கும். தவசி ஒரு நாள் விளையாட்டுக்கு விசிலை ஊதினான். இருபது பேரும் ஏணியை விட்டு இறங்கித் தூக்குப் பாத்திரத்தைத் திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவன் ஊதினால் சோறு. அவன் ஊதாவிட்டால் பசி. நான் அவனுக்கு மச்சான். நானும் அவன் ஊதினால்தான் சோற்றைத் திறக்க வேண்டும். நான் ஒரு வாரம் விசிலுக்கு முன்னாலேயே சாப்பிட்டுப் பார்த்தேன். சாயங்காலம் பசித்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவன் தோற்றான். அவன் கத்திக்கு முதுகு மழுங்கல். அந்தத் தீக்குச்சியை இழுத்தால் பொறி வராது. என் கறுப்புக்கு முதுகு கூர்ப்பாக இருக்கும், அதில் இழுத்தால் மத்தாப்பு மாதிரி கொட்டும். குச்சி அவனிடம், முதுகு என்னிடம். ஒரு நாள் வந்து, "மச்சான், கத்தியக் குடுங்க, ஒரு தடவ உரசிப் பாத்துட்டுத் தாரேன்," என்றான்.

எங்கள் பக்கம் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம். கொடுத்தால் சண்டை வரும். கீழே வைக்க வேண்டும், மற்றவன் எடுத்துக்கொள்ள வேண்டும். அதைச் சொன்னேன்.

"அப்ப கீழ வைங்க," என்றான்.

"கீழ வைக்க எடமில்ல," என்றேன்.

நாங்கள் நின்றது தோட்டத்து நடுவில். நாலு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கீழேதான் இருந்தது. ஆனாலும் அவன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். அதுதான் அவனிடம் இருக்கிற கெட்ட குணம். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான். பேசினால்தானே நாமும் திருப்பிப் பேசலாம்?

ஆடி மாசம் கிளமெண்ட் சார் ரைட்டருக்குப் போன் செய்தார். வருகிற தையில் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம். எட்டுப் பேர் சார். இதுவரை எங்கள் காட்டுக்கு அத்தனை பேர் சேர்ந்து வந்தது இல்லை. இரண்டு பேரும் வர வேண்டும், அந்தக் கத்தியை இரண்டு பேர் இடுப்பிலும் பார்க்க வேண்டும் என்று சொன்னாராம். அதோடு நிறுத்தியிருக்கலாம். போன தடவை என்னைக் கண்டுபிடித்தவர் இந்தத் தடவை முன்னால் நடக்கட்டும் என்றும் சொன்னாராம். மறுபடியும் பெயர் இல்லை.

எனக்கு வந்த கோபத்தைப் பாருங்கள். பதினைந்து வருஷமாக முன்னால் நடக்கிறவன் நான். எட்டுப் பேருக்குப் பின்னால், ஒன்பதாவது ஆள் முதுகைப் பார்த்துக்கொண்டு, பேக்கைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியுமா? நடந்தால் அப்புறம் கரடிக்கொம்பில் என்னை யார் வழி கேட்பான்? பஸ் எத்தனை மணிக்கு என்றுகூடக் கேட்க மாட்டான். அந்த ஒரு வார்த்தை தவசி வாயிலிருந்து வந்தால் போதும். நாலு பேருக்குத் தெரிந்துவிடும். நான் முன்னால் நடக்கலாம்.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். கத்தியை மாற்றிக்கொள்ளலாம் மாப்ள, உனக்கும் தீ வேண்டும், எனக்கும் துரு வேண்டாம் என்று சொன்னேன். அவன் யோசிக்கவே இல்லை. "சரி மச்சான், எடுத்துக்கங்க," என்றான். இவ்வளவு லேசாகச் சம்மதித்தால் அதில் என்னவோ இருக்கிறது என்று அர்த்தம். அங்கம்மாள், "மொத எடுத்ததுக்கு ரெண்டாவது மேல கண்ணு. ரெண்டாவத எடுத்திருந்தா மொத மேல கண்ணு. கண்ண மாத்திட்டு வாங்க மொதல்ல," என்றாள். அவள் தம்பிக்குப் பரிந்து பேசுகிறவள், அவள் பேச்சு கணக்கில் வராது.

எங்கே வைத்து மாற்றுவது? என் வீட்டில் என்றால் அவன் என் வாசலுக்கு வந்து வாங்கியதாக ஆகும். அது நல்லதுதான், ஆனால் அங்கம்மாள் இருப்பாள். அவன் வீட்டுக்கு நான் போக மாட்டேன். பஸ் நிற்கிற வளைவில் எங்கள் கருப்பன் கோயில் இருக்கிறது. கோயில் என்றால் கூரை கிடையாது. ஒரு மரம், கருப்பன், முன்னால் தட்டையாக ஒரு கல், சுற்றிலும் நேர்ந்துகொண்டவர்கள் நட்டுவைத்த அருவாள். கருப்பன் முன்னால் எவனும் ஏமாற்ற முடியாது. அங்கே பொய் சொன்னவன் குடும்பம் விளங்கினதில்லை. சிறுமலையிலிருந்துகூட வந்து சத்தியம் வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தக் கல்லில் வைத்து மாற்றுவோம் என்றேன். நானே சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

ஆடி வெள்ளி, காலை பத்து மணி. நான் கறுப்பை வைத்தேன். அவன் ஆரஞ்சை உறையோடு வைத்தான். இப்போது யார் முதலில் எடுப்பது? அவன் என்ன சொன்னான் என்று உங்களுக்கே தெரியும். "நீங்க மொதல்ல எடுங்க, மச்சான்."

"எடுக்கிறேன்," என்றேன். "அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லு. அன்னிக்கு ஷெட்டுல சொல்லாம விட்டியே, அதை இங்க சொல்லு. சாரைக் கண்டுபிடிச்சது யாரு?"

தவசி என்னைப் பார்த்தான். கருப்பனைப் பார்த்தான். வளைவில் திரும்பி மேலே போன ஒரு லாரியைப் பார்த்தான்.

"மச்சான்," என்றான், "வேற எங்க வேணாலும் சொல்றேன். ஷெட்டுல சொல்றேன். கிளமெண்ட் சார் கிட்டயே சொல்றேன். நீங்களே முன்னாடி நடங்க, நான் வேணாங்கல. இங்க மட்டும் கேக்காதீங்க."

பிடிவாதம் பார்த்தீர்களா சார்? எத்தனை பெரிய பிடிவாதம். ஒரே ஒரு வார்த்தை. ஊர் முழுக்கச் சொல்வானாம், கருப்பன் முன்னால் மட்டும் சொல்ல மாட்டானாம்.

"இங்கதான் சொல்லணும்," என்றேன்.

"சரி, நீங்க சொல்லுங்க மச்சான். நீங்க சொல்லிட்டா நான் ஒத்துக்கிறேன். அதுக்கப்புறம் பேச்சே இல்ல," என்றான்.

நான் சொல்லியிருப்பேன். எனக்கு என்ன பயம்? வாயைத் திறந்தேன். அன்றைக்கென்று பார்த்துத் தொண்டையில் சளி. ஆடிக் காற்று, தூசி. ஒரு தடவை கனைத்தேன், இன்னொரு தடவை கனைத்தேன். வார்த்தை வரவில்லை. மூன்று மணி நேரம் பள்ளத்தில் கத்தின தொண்டை, அது முழுசாகத் தேறியிருக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆறு மாசம்தானே ஆகியிருந்தது.

இப்படி இரண்டு பேரும் கல்லுக்கு இரண்டு பக்கமும் நிற்கிறோம். கத்தி இரண்டும் நடுவில் கிடக்கிறது. பூசாரி சோலைமலை பூக்கூடையோடு வந்தார். ஆடி வெள்ளி என்பதை நாங்கள் இரண்டு பேரும் மறந்துவிட்டோம். அவர் கல்லைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், நாங்கள் கை கட்டாத குறையாக நிற்பதைப் பார்த்தார். அவர் முகம் அப்படியே இளகிவிட்டது.

"மச்சானும் மாப்ளையும் சேந்து நேந்துக்கிட்டீங்களாக்கும்," என்றார். "பள்ளத்துல விழுந்து பொழச்சதுக்கா? நல்ல காரியம்யா."

தவசி என்னைப் பார்த்தான். நான் சொல்வேன் என்று அவன் நின்றான். அவன் சொல்வான் என்று நான் நின்றேன். பூசாரி தண்ணீர் தெளித்தார். இரண்டு கத்தியிலும் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். ஒரே சரமாக எடுத்து இரண்டையும் சேர்த்துச் சுற்றினார். கற்பூரம் காட்டினார். கன்னத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். போட்டுக்கொண்டோம். முடிந்தது சார். கருப்பனுக்கு வைத்ததை எவன் எடுப்பான்? எடுத்தவன் ஊரில் இருக்க முடியுமா? நட்டுவைத்த அருவாள் வரிசையில் எங்கள் கத்தி இரண்டும் சேர்ந்துவிட்டது.

இப்போது ஊரில் எங்களுக்கு என்ன பெயர் தெரியுமா? மச்சான் மாப்பிள்ளை என்றால் பரமனும் தவசியும் மாதிரி இருக்க வேண்டுமாம். குருவம்மாள்கூடச் சொல்கிறாள். இதைவிட ஒரு கேவலம் உண்டா?

கேவலம் அதோடும் நிற்கவில்லை. கோயில் மணி விரிசல் விட்டுக் கிடந்தது. பூசாரி இப்போது வெள்ளிக்கிழமை பூசைக்கு அந்த ஆரஞ்சு உறையில் இருக்கிற விசிலைத்தான் ஊதுகிறார். கருப்பனுக்குப் பிடித்திருக்கிறது என்கிறார். அப்புறம் உறையிலிருந்து தீக்குச்சியை உருவி என் கறுப்புக் கத்தியின் முதுகில் ஒரு இழுப்பு இழுக்கிறார். ஒரே இழுப்பு. பொறி கொட்டுகிறது, கற்பூரம் பற்றிக்கொள்கிறது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்க்கிறேன். தவசி பக்கத்தில் நின்றுகொண்டு, "ரெண்டும் சேந்தா என்னா பொறி பாருங்க மச்சான்," என்கிறான்.

விடுங்க மச்சான், கருப்பன் வச்சுக்கட்டும் என்றும் ஒரு தடவை சொன்னான். கருப்பன் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. கருப்பனுக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்லை. ஆனால் கத்தி போனதால் வார்த்தை போகுமா? அது அப்படியே நிற்கிறது. இன்னும் இருபது நாளில் தை பிறக்கிறது. எட்டுப் பேர் வருகிறார்கள். போன வாரம் ஷெட்டில் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், வாங்க என்று கூப்பிட்டான். நான் போகவில்லை. ஷெட்டில் சொன்னால் அது ஷெட்டுப் பேச்சு. கருப்பன் கல் முன்னால் சொல்ல வேண்டும். அங்கே சொன்னால்தான் செல்லும். அவன் அங்கே சொல்ல மாட்டேன் என்கிறான், நான் வேறு எங்கேயும் கேட்க மாட்டேன் என்கிறேன்.

இந்தத் தடவை யார் முன்னால் நடப்பது என்றா கேட்கிறீர்கள்? அதற்கும் அவன் ஒன்று சொல்லிவைத்திருக்கிறான். "நீங்க முன்னாடி நடங்க மச்சான், நான் உங்களுக்கு ஒரு எட்டு முன்னாடி முள்ளு வெட்டிக்கிட்டே போறேன்" என்கிறான். முள் வெட்டுகிறவன் வேலைக்காரன், அவனுக்குப் பின்னால் வருகிறவன்தான் முன்னால் நடக்கிறவன். அது எனக்குப் புரிகிறது. ஏணியையும் எடுத்துக்கொண்டு வருவானாம். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பஸ் மெதுவாகப் போகிறதே, பனி இறங்கிவிட்டதா? எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. கொஞ்சம் அந்தச் சன்னல் வழியாகப் பாருங்கள் சார். வளைவில் மரத்தடியில் ஒரு ஆள் நிற்கிறானா? குடையோடு? அதுதான் தவசி. இல்லை, அது மைல் கல் என்கிறீர்களா? அதற்குப் பக்கத்தில்? ஆங், அவன்தான். நான் கீழே போய்விட்டு வரும்போதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்பான். நான் வரச் சொன்னதே இல்லை. இங்கிருந்து வீட்டுக்கு அரை மைல் ஒற்றையடிப் பாதை. அவன் முன்னால் போவான், நான் அவன் தோளில் கை வைத்துக்கொண்டு பின்னால் போவேன். அவன் எங்கேயாவது தப்பித்து ஓடிவிடக் கூடாதே. வார்த்தை பாக்கி இருக்கிறது அல்லவா?

எந்தக் கத்தி வாங்கலாம் என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஆனாலும் சொல்கிறேன். இரண்டையும் வாங்கிவிடுங்கள். ஒன்று மட்டும் வாங்கினால் உங்களுக்கு வேறு ஒருத்தன் தேவைப்படுவான்.

வழி விடுங்கள், இறங்குகிறேன். அந்த மருந்துப் பையை எடுத்துக் கொடுங்கள். கேட்டீர்களா அவன் கத்துவதை? "மச்சான், படி நனஞ்சு கெடக்கு, பாத்து எறங்குங்க!" பஸ் முழுக்கக் கேட்கிறது. பின்னால் கருப்பன், பக்கத்திலேயே கல், எதிரில் இத்தனை பேர். இதையெல்லாம் சொல்ல அவனுக்கு வாய் வருகிறது பாருங்கள். எனக்குத் தர வேண்டியதை மட்டும் இன்னும் தரவில்லை.